இரண்டு டிஸ்க் இருந்தும் எழாத கம்ப்யூட்டர்

கடையம், ஆழ்வார்குறிச்சி, பாவூர்சத்திரம் வட்டாரத்தில் லினக்ஸ் ஓடும் சின்ன சர்வர்கள் இப்போது சாதாரணம். கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோ, வரிக்கணக்கு எழுதும் அலுவலகம், ஸ்கேன் சென்டர், பள்ளிக்கூடம் என்று பலரும் வைத்திருக்கிறார்கள். 2011-இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினியிலேயே சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்தது; மத்தளம்பாறையில் ஜோஹோ அலுவலகம் நடக்கிறது. லினக்ஸ் தெரிந்த பிள்ளைகளுக்கு இங்கே பஞ்சமில்லை. லைசென்ஸ் செலவு இல்லை, பழைய மெஷினிலும் ஓடும். கூடவே இரண்டு ஹார்ட் டிஸ்க் போட்டு, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே எழுதப்படும்படி சாஃப்ட்வேர் ரெய்டு 1 செய்து கொடுக்கிறார்கள். ஒன்று போனாலும் இன்னொன்று தாங்கும் என்று விற்றவர் சொன்னதைக் கேட்டு வாங்கியவர் நிம்மதியாகத் தூங்குகிறார்.

சாரல் காலத்தில் அந்தத் தூக்கம் கெடுகிறது. மேற்கே மலையிலிருந்து காற்று இறங்கி, கிளை முறிந்து கம்பியில் விழுகிறது. மின்சாரம் போகிறது, வருகிறது, மறுபடி போகிறது. அதில் ஒரு டிஸ்க் செத்துவிடுகிறது. மறுநாள் காலை சுவிட்சைப் போட்டால் கறுப்புத் திரை. பூட் செய்ய எதுவும் இல்லை என்று ஒரு வரி வரும், அல்லது ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று காட்டிவிட்டு நிற்கும். “ரெண்டு டிஸ்க்குக்குக் காசு வாங்கினாங்களே சார், ஒண்ணு போனதுக்கு மெஷினே எழ மாட்டேங்குதே” என்ற கேள்வியை நான் பலமுறை கேட்டுவிட்டேன்.

அடுத்து நடப்பதுதான் கொடுமை. அவசரத்துக்கு வந்த சர்வீஸ்காரர் பென் டிரைவைச் சொருகி, “எல்லாம் போச்சு, ஃபார்மேட் அடிச்சுப் புதுசா போட்டுடலாம்” என்கிறார். உரிமையாளரும் தலையாட்டுகிறார். இரண்டாவது டிஸ்க்கில் அத்தனை கோப்பும் ஒரு குறையில்லாமல் இருந்திருக்கும். இருந்ததை அழித்தது மின்வெட்டு இல்லை, அந்தப் பென் டிரைவ்தான்.

ஆகவே முதலில் ஒன்று. திரை கறுப்பாக இருப்பதால் டேட்டா போய்விட்டது என்று ஆகாது. யார் சொன்னாலும் ஃபார்மேட் செய்ய விடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, விஷயம் தெரிந்தவர் வரும்வரை காத்திருங்கள். ஒரு நாள் கடை மூடினால் ஒரு நாள் வருமானம் போகும். ஃபார்மேட் அடித்தால் பத்து வருடக் கல்யாண ஆல்பம் போகும்.

இரண்டு டிஸ்க் இருந்தும் ஏன் எழவில்லை? மெஷினை ஆன் செய்த முதல் சில வினாடிகளில் லினக்ஸ் அங்கே இல்லை. மதர்போர்டில் உள்ள பயாஸ் அல்லது யூஇஎஃப்ஐ மட்டும்தான் விழித்திருக்கிறது. அதற்கு லினக்ஸின் சாஃப்ட்வேர் ரெய்டு என்றால் என்னவென்றே தெரியாது. ஏதோ ஒரு டிஸ்க்கைத் தொட்டு, அதிலிருந்து கிரப் என்ற பூட் லோடரை எழுப்பும். கிரப் போய்க் கெர்னலையும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு தொகுப்பையும் ஏற்றும். அதற்குப் பிறகுதான் இரண்டு டிஸ்க்கும் ஒன்றாகச் சேர்ந்து ரெய்டு ஆகிறது. அந்த முதல் படி ஒரே ஒரு டிஸ்க்கில் மட்டும் இருந்தால், அந்த டிஸ்க் சாகும் நாளில் மற்றதற்குப் போக வழியில்லை. ரெய்டு உங்கள் கோப்புகளை இரட்டிப்பாக்குகிறது. பூட் லோடர் இருக்கும் இடத்தைத் தானாக இரட்டிப்பாக்குவதில்லை.

பழைய பயாஸ் மெஷின் என்றால் கிரப்பின் முதல் துண்டு டிஸ்க்கின் முதல் செக்டாரில், எல்லாப் பார்ட்டிஷனுக்கும் வெளியே இருக்கிறது. பார்ட்டிஷன்களைத்தான் ரெய்டில் சேர்த்திருக்கிறோம் என்பதால் அது நகலாகாது. ‘கிரப்-இன்ஸ்டால்’ கட்டளையை இரண்டு டிஸ்க்குக்கும் தனித்தனியே கொடுக்க வேண்டும். டெபியன், உபுண்டுவில் ‘டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கிரப்-பிசி’ என்று அடித்து, வரும் பட்டியலில் இரண்டு டிஸ்க்கையும் குறித்துவிட்டால், பின்னால் கிரப் புதுப்பிக்கப்படும்போதும் இரண்டிலும் எழுதிக்கொள்ளும். பெரிய டிஸ்க்குக்காக ஜிபிடி முறையில் பிரித்திருந்தால், பயாஸ் பூட் பார்ட்டிஷன் என்று ஒரு மெகாபைட் இடம் இரண்டு டிஸ்க்கிலும் விட்டிருக்க வேண்டும். இதை இன்ஸ்டால் செய்யும்போதே செய்யாவிட்டால் பிற்பாடு இடம் தேடி அல்லாட வேண்டும்.

யூஇஎஃப்ஐ மெஷினில் கதை வேறு. அது தேடுவது ஃபேட் வகையில் உள்ள இஎஃப்ஐ பார்ட்டிஷனை. அதையும் ரெய்டில் போட்டுவிடலாம் என்று சிலர் வித்தை காட்டுகிறார்கள். ரெய்டின் அடையாளத் தகவலைப் பார்ட்டிஷனின் கடைசியில் எழுதும் 1.0 வகையில் அது ஓடவும் செய்யும். லினக்ஸில் ரெய்டை அமைத்து நிர்வகிக்கும் எம்டிஆடம் கருவி வழக்கமாகப் போடும் 1.2 வகை தொடக்கத்திலேயே உட்காருவதால் யூஇஎஃப்ஐக்கு அது ஃபேட் பார்ட்டிஷனாகவே தெரியாது. ஆனால் 1.0-வும் எனக்கு உடன்பாடில்லை. மதர்போர்டே அந்தப் பார்ட்டிஷனில் ஏதாவது எழுதினால் ஒரு டிஸ்க்கில் மட்டும்தான் எழுதும், இரண்டும் முரண்பட்டுப் போகும். இரண்டு டிஸ்க்கிலும் தனித்தனி இஎஃப்ஐ பார்ட்டிஷன் வைப்பதே நேரான வழி. உபுண்டு 20.04 முதல் இரண்டையும் தேர்ந்தெடுக்க வசதி இருக்கிறது. சர்வர் இன்ஸ்டாலரிலேயே இரண்டாவது டிஸ்க்கை இன்னொரு பூட் டிவைஸாகச் சேர்க்கலாம். டெபியனில் ஒன்றிலிருந்து மற்றதற்குக் கோப்புகளைப் பிரதி எடுக்கும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதிவையுங்கள். இரண்டிலும் ‘இஎஃப்ஐ’ அடைவுக்குள் ‘பூட்’ அடைவில் ‘பூட்எக்ஸ்64’ என்ற பொதுப்பெயரில் கிரப்பின் பிரதி இருக்கட்டும். சில மதர்போர்டுகள் டிஸ்க் காணாமல் போனவுடன் அதன் பூட் பதிவையே அழித்துவிடும். அப்போது அந்தப் பொதுப்பெயரைத்தான் தேடும்.

இன்னொரு சின்ன வரி பலரைக் கவிழ்க்கிறது. பூட் ஆகும்போது எந்தெந்தப் பார்ட்டிஷனை இணைப்பது என்று சொல்லும் ‘எஃப்எஸ்டேப்’ கோப்பில் இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கான வரியில் ‘நோஃபெயில்’ என்ற சொல் இல்லையென்றால், அந்த டிஸ்க் செத்த அன்று லினக்ஸ் பாதிவரை எழுந்து, ஒன்றரை நிமிடம் அதற்காகக் காத்துக் கிடந்து, எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும். ரெய்டு நன்றாக இருக்கும், கோப்புகள் நன்றாக இருக்கும், ஒரு சொல் விட்டுப்போனதால் கடை மூடியிருக்கும்.

எல்லாம் சரியாகப் போட்டவர்களும் தவறவிடும் இடம் டிஸ்க் மாற்றும் நாள். ஒரு டிஸ்க் போகிறது, புதிது வாங்கி ரெய்டில் சேர்க்கிறார்கள், நகலெடுப்பு முடிகிறது, ரெய்டின் நிலையைக் காட்டும் ‘எம்டிஸ்டாட்’ கோப்பில் டிஸ்க்குக்கு ஒன்றாக இரண்டு ‘யூ’ தெரிகிறது. வேலை முடிந்தது என்று பணம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். புதிய டிஸ்க்கில் கிரப் போட்டார்களா என்று யாரும் கேட்பதில்லை. இரண்டு வருடம் கழித்துப் பழைய டிஸ்க் போகும் நாளில் கறுப்புத் திரை. புது டிஸ்க் சேர்த்தால் கிரப்பும் போட வேண்டும். மறுபடி சொல்கிறேன்: இரண்டு ‘யூ’ தெரிவது கோப்புகளுக்கு மட்டும்தான் உத்தரவாதம், பூட் ஆவதற்கு இல்லை.

டிஸ்க் மாற்றும்போது எதைக் கழற்றுவது என்பதிலும் உயிர் போகிறது. எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை நம்பவே நம்பாதீர்கள். அடுத்த பூட்டில் அவை இடம் மாறலாம். ‘ஸ்மார்ட்சிடிஎல்’ கட்டளை காட்டும் சீரியல் நம்பரைப் பார்த்து, டிஸ்க்கின் லேபிளில் உள்ள நம்பரோடு ஒப்பிட்டுக் கழற்றுங்கள். இன்றைக்கே இரண்டு நம்பரையும் ஒரு தாளில் எழுதிக் கேபினட்டின் உள்பக்கம் ஒட்டிவிட்டால் பதற்றத்தில் நல்ல டிஸ்க்கைப் பிடுங்க நேராது. பார்ட்டிஷன் அமைப்பைப் பிரதி எடுக்கும் ‘எஸ்ஜிடிஸ்க்’ கட்டளையில் பெரிய ‘ஆர்’ விருப்பத்தோடு முதலில் வருவது புதிய டிஸ்க்கின் பெயர், கடைசியில் வருவது பழையது. மாற்றிப் போட்டால் வெறும் டிஸ்க்கின் அமைப்பு நல்ல டிஸ்க்கின் மேல் ஏறிவிடும். என்டர் தட்டுவதற்கு முன் இன்னொருவரைப் படிக்கச் சொல்லுங்கள்.

இனி சோதனை. இதைச் செய்யாத ரெய்டை நான் ரெய்டாகவே மதிப்பதில்லை. முதலில் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். எம்டிஸ்டாட்டில் இரண்டு ‘யூ’ இருக்கிறதா என்று பாருங்கள். முறைப்படி ஷட் டவுன் செய்து, பிளக்கை எடுத்துவிட்டு, முதல் டிஸ்க்கின் டேட்டா கேபிளைக் கழற்றி மெஷினை ஆன் செய்யுங்கள். எழுந்து லாகின் திரை வரவேண்டும். ஒரு ‘யூ’வுக்குப் பதில் அடிக்கோடு தெரியவேண்டும். மறுபடி ஷட் டவுன், கேபிளைப் பொருத்துங்கள், ஆன் செய்யுங்கள். பிரிந்த டிஸ்க் தானாகச் சேராது. எம்டிஆடம் கட்டளையால் சேர்க்க வேண்டும். மாறிய இடங்களைக் குறித்துவைக்கும் பிட்மேப் இருந்தால் சில நிமிடத்தில் முடியும். இல்லையென்றால் முழு டிஸ்க்கும் நகலாகும். 4 டெராபைட் டிஸ்க், வினாடிக்கு 150 மெகாபைட் வேகம் என்றால் ஏழு மணி நேரத்துக்கு மேல். அது முழுவதும் முடிந்து இரண்டு ‘யூ’ வந்த பிறகுதான் இரண்டாவது டிஸ்க்கைக் கழற்றிச் சோதிக்கலாம்.

நகலெடுப்பு முடியுமுன் மற்றதைக் கழற்றாதீர்கள். பொறுமையில்லாதவர்கள் முதல் டிஸ்க்கை மட்டும் வைத்து ஒருமுறை, உடனே இரண்டாவதை மட்டும் வைத்து ஒருமுறை பூட் செய்துவிடுகிறார்கள். இரண்டிலும் வெவ்வேறு விஷயங்கள் எழுதப்பட்டு, எது உண்மை என்று ரெய்டுக்கே தெரியாமல் போகிறது. அவசரப்படாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் இதற்கு ஒதுக்குங்கள். யூபிஎஸ் இல்லாமல் இந்தச் சோதனையைத் தொடங்கவே வேண்டாம்.

ஒரு டிஸ்க் எப்போதோ செத்து, மெஷின் மாதக்கணக்கில் ஒற்றை டிஸ்க்கில் ஓடியிருப்பதும் சகஜம். எம்டிஆடம் மின்னஞ்சல் அனுப்பும். ஆனால் அதற்கு முகவரி கொடுத்து, மெயில் அனுப்பும் மென்பொருளையும் அமைத்திருக்க வேண்டும். நம் பக்கத்துச் சர்வர்களில் பெரும்பாலும் இரண்டும் இருப்பதில்லை. எம்டிஆடம் அமைப்புக் கோப்பில் ‘புரோகிராம்’ என்ற வரியில் ஒரு ஸ்கிரிப்டைக் காட்டி, டிஸ்க் போனால் செல்பேசிக்குச் செய்தி வரும்படி செய்யலாம். அந்தக் கோப்பை மாற்றினால் ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்’ கட்டளையையும் கொடுங்கள், இல்லையென்றால் பூட் ஆகும்போது பழைய விவரமே இருக்கும்.

ரெய்டு பேக்கப் இல்லை. எத்தனை முறை சொன்னாலும் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை என்பதால் மறுபடி சொல்கிறேன்: ரெய்டு பேக்கப் இல்லை. தவறி அழித்த கோப்பு இரண்டு டிஸ்க்கிலிருந்தும் ஒரே நொடியில் போகும். வைரஸ் பூட்டினால் இரண்டும் பூட்டிக்கொள்ளும். 2023 டிசம்பர் 17, 18-இல் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த மழையை மறந்திருக்க மாட்டீர்கள்; காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது தரைத்தளத்தில் இருந்தவை மூழ்கின. ஒரே கேபினட்டில் இருக்கும் இரண்டு டிஸ்க் வெள்ளத்தில் ஒன்றாகத்தான் மூழ்கும். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்களுக்குப் பேக்கப் விருப்பம் சார்ந்த விஷயமும் இல்லை. மத்திய ஜிஎஸ்டி விதிகள் 2017-இன் 57-ஆம் விதி, கணக்கை மின்னணு வடிவில் வைத்திருப்பவர் விபத்திலோ இயற்கைச் சீற்றத்திலோ அது அழிந்தால் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி பேக்கப் வைத்திருக்க வேண்டும் என்கிறது. சட்டத்தின் 36-ஆம் பிரிவின்படி ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் கணக்கைப் பாதுகாக்க வேண்டும். “டிஸ்க் போச்சு சார்” என்றால் அதிகாரி ஏற்றுக்கொள்ள மாட்டார். ஒரு பிரதி வேறு ஊரில் இருக்கட்டும்.

ஏற்கெனவே கறுப்புத் திரையில் நிற்பவர்களுக்கு. டெபியன் இன்ஸ்டாலரைப் பென் டிரைவில் போட்டு, அதில் ‘ரெஸ்க்யூ மோட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இன்ஸ்டால் என்பதைத் தொடாதீர்கள். ரெஸ்க்யூ மோட் ரெய்டைச் சேர்க்கட்டுமா என்று கேட்கும், கிரப்பைத் திரும்பப் போடும் வசதியும் தரும். செத்த டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டே இதைச் செய்யுங்கள். அரைகுறை உயிரோடு இருக்கும் டிஸ்க் பயாஸையே தொங்கவைத்துவிடும். முடிந்தால் முதலில் ரெய்டைப் படிக்க மட்டும் திறந்து, கோப்புகளை வெளி டிஸ்க்குக்கு எடுத்த பிறகு கிரப்பில் கை வையுங்கள். டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் எதுவும் முயலாமல் அணைத்து, டேட்டா மீட்பு செய்யும் இடத்துக்கே கொண்டுபோங்கள்.

இப்போது காகிதம். இங்கேதான் நம் மக்கள் மிகவும் அலட்சியம். ஜிஎஸ்டியை மிச்சம் பிடிக்க பில் இல்லாமல் வாங்குகிறார்கள், பிறகு நியாயம் கேட்டு அலைகிறார்கள். பில் இல்லையென்றால் கதவு அங்கேயே மூடிவிட்டது. பில்லில் இரண்டு டிஸ்க்கின் மாடலும் சீரியல் நம்பரும் இருக்க வேண்டும். சர்வீஸ் வேலைக்குத் தனியாக ஒரு தாளில், ‘சாஃப்ட்வேர் ரெய்டு 1 அமைக்கப்பட்டது, ஒவ்வொரு டிஸ்க்கையும் கழற்றி, மற்றதிலிருந்து பூட் செய்து வாடிக்கையாளர் முன் காட்டப்பட்டது’ என்று தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். காட்டாமல் கையெழுத்துப் போட வந்தால் பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். ரூட் பாஸ்வேர்டு உங்களிடம் இருக்கட்டும். சர்வர் உங்களுடையது, பாஸ்வேர்டு சர்வீஸ்காரருடையது என்ற நிலை எத்தனை இடத்தில் இருக்கிறது தெரியுமா?

ரெய்டு பாதுகாப்பு என்று சொல்லி விற்று, அது வேலை செய்யாமல் நஷ்டமானால் சட்டத்தில் வழி உண்டு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 2020 ஜூலை 20-இல் நடைமுறைக்கு வந்தது. “தொழிலுக்கு வாங்கினது, நமக்குப் பொருந்தாது” என்று பலர் விட்டுவிடுகிறார்கள். வணிக நோக்கத்தில் வாங்குபவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்பது உண்மைதான். ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பவர் அந்தப் பிழைப்புக்கென்றே வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று 2(7) பிரிவின் விளக்கம் சொல்கிறது. தானே ஸ்டுடியோ நடத்துபவர் இதைக் காட்டிக் கேட்கலாம்.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிந்து அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். விற்றவருக்கு நடந்ததையும் கேட்பதையும் எழுதி, 15 நாள் அவகாசம் கொடுத்து, ஒப்புகைச் சீட்டோடு தபாலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் திட்டுவது நோட்டீஸ் ஆகாது. பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விற்றவர் சென்னையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் இடத்துக்குரிய ஆணையத்திலேயே போடலாம். வக்கீல் கட்டாயம் இல்லை. இ-ஜாக்ரிதி தளம் வழியாக வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம் விசாரிக்கும், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. இங்கே கணக்கில் எடுப்பது பில்லில் உள்ள தொகையை, நீங்கள் கேட்கும் நஷ்ட ஈட்டை இல்லை. சிக்கல் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட்டாக வேண்டும். பில், சர்வீஸ் தாள், கறுப்புத் திரையின் போட்டோ, எம்டிஸ்டாட்டின் போட்டோ, நோட்டீஸ் நகல், ஒப்புகைச் சீட்டு எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். முக்கியமாக, தவறு செய்தவரையே மெஷினைத் திறந்து ‘சரிசெய்ய’ விடாதீர்கள். டிஸ்க்தான் சாட்சி. ஃபார்மேட் ஆனால் சாட்சியும் போனது.

டிஸ்க் வாரண்டி டிஸ்க்குக்கு மட்டும்தான், உள்ளே இருந்த டேட்டாவுக்கு இல்லை. வாங்கிய அன்றே சீரியல் நம்பரைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு வாரண்டி உண்டா என்று பாருங்கள். வாரண்டிக்கு அனுப்பும் டிஸ்க்கில் உங்கள் முழு டேட்டாவும் இருக்கிறது என்பதையும் யாரும் யோசிப்பதில்லை. ரெய்டு 1-இல் ஒற்றை டிஸ்க்கே போதும், எல்லாவற்றையும் படிக்கலாம். ஸ்கேன் சென்டர் டிஸ்க் என்றால் ஊர்ப்பெண்களின் மருத்துவ விவரம் அதில். தொடக்கத்திலேயே என்கிரிப்ட் செய்து வையுங்கள். செய்யவில்லையென்றால், செத்த டிஸ்க்கைப் பழைய இரும்புக் கடைக்குப் போடாமல் உடைத்த பிறகே கழியுங்கள்.

மின்சாரத்தாலும் பாதி கேடு வருகிறது. நியூட்ரல் அறுந்து வோல்டேஜ் ஏறினால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்குப் போன் செய்து புகார் எண் வாங்குங்கள். மறுநாள் உதவிப் பொறியாளர் அலுவலகத்தில் எழுத்திலும் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள். “அப்புறம் பார்க்கலாம்” என்பார்கள். சீல் இல்லாமல் திரும்பாதீர்கள்.

பொதுப்பணத்தில் ஓடும் அலுவலகங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டெண்டரில் ‘ரெய்டு வசதியுடன்’ என்று ஒரு வரி எழுதிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறார்கள். சோதித்துப் பார்த்தீர்களா என்றால் கம்பெனிக்காரரைக் கைகாட்டுகிறார்கள். நம் பட்டாவும் பென்ஷனும் அந்தச் சர்வர்களில்தான் இருக்கின்றன. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் 6-ஆம் பிரிவில் ஒரு வெள்ளைத்தாளில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள்: கடைசியாக எந்தத் தேதியில் ஒரு டிஸ்க்கைக் கழற்றி மற்றதிலிருந்து பூட் செய்து பார்த்தீர்கள், கடைசியாக எந்தத் தேதியில் பேக்கப்பைத் திரும்ப எடுத்துப் பார்த்தீர்கள், அதன் பதிவேட்டு நகல் தருக. 30 நாளில் பதில் தர வேண்டும். ‘தகவல் இல்லை’ என்று பதில் வந்தால், அதை வைத்தே மேலதிகாரிக்கு எழுதுங்கள்.

உங்கள் கடையில், உங்கள் பள்ளியில் இப்படி ஒரு மெஷின் இருந்தால் இன்றைக்கே எம்டிஸ்டாட்டைத் திறந்து பாருங்கள். இரண்டு ‘யூ’ இல்லையென்றால் நாளைக்கு என்று தள்ளாமல் புது டிஸ்க் வாங்குங்கள். இரண்டும் இருந்தால் வரும் ஞாயிற்றுக்கிழமை, பேக்கப் எடுத்த பிறகு, ஒன்றைக் கழற்றி மெஷினை எழுப்பிப் பாருங்கள்.